கேளம்பாக்கம் தம்பிக்கு, தூக்கம் கேட்டு அக்கா எழுதுவது

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஜேசனுக்கு,

கர்த்தர் கொடுத்த இந்த நல்ல நாளில் உன் அக்கா தபீதாள் அன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா நலம். நான் நலமா என்று நீ கேட்டு வெகு நாளாகிவிட்டபடியால் அந்தத் தகவலைச் சேர்க்கவில்லை. அங்கே நீயும் ஜென்சியும் பிள்ளை மெர்வினும் நலமாக இருப்பதையும், போன வாரம் கடற்கரை ஓரமாக ஏதோ ஒரு ரிசார்ட்டில் குடும்பமாக இறால் சாப்பிட்டதையும் ஸ்டேட்டஸில் பார்த்து மகிழ்ந்தேன். உங்கள் மூவருக்கும் ஆண்டவர் நல்ல சுகத்தையும் அந்த இறாலுக்கு ஏற்ற ஜீரணத்தையும் தருவாராக.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கும்பிடுகிற கை ஒன்றை அனுப்புகிறாய். "அப்பா கேட்டைத் திறந்துகொண்டு போய் வேளச்சேரி ரோட்டு நடுவில் நின்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்" என்று எழுதினேன். கும்பிடுகிற கை வந்தது. "என்னால் முதுகை நிமிர்த்த முடியவில்லை" என்று எழுதினேன். கும்பிடுகிற கையோடு ஓர் இதயமும் வந்தது. போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறாய். சிறுசேரியில் உங்கள் சாப்ட்வேர் கம்பெனியில் மீட்டிங் முடிந்து யாராவது எப்போதாவது வெளியே வந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. அதனால்தான் காகிதம். இதில் நீ எங்கே கையை ஒட்டுகிறாய் என்று பார்க்கிறேன்.

ஜென்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போகச் சொல்ல முடியாமல் போய்விடும். அவள்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை எனக்கு அனுப்பினாள். மறதி நோய்க்காரர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறதாம். வருஷத்தில் பத்து நாள், அவர்களே வண்டி வைத்துக்கொண்டு வந்து நோயாளியை ஒரு இல்லத்துக்கு அழைத்துப் போய், குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டு, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். பார்த்துக்கொள்கிற ஆள் அதுவரை தூங்கலாம். கீழே ஜென்சி, "சூப்பர் ஸ்கீம் அக்கா, ட்ரை பண்ணுங்க" என்று எழுதியிருந்தாள். நான் அதைப் படித்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். அப்பாவுக்கு மறதி வந்து, அவருக்காக நான் பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து ஒரு முழு இரவு தூங்கியதில்லை, ஜேசன். விடிவதற்கு முன்பே அவர் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையைத் தேடுகிறார். தலைமையாசிரியர் பதவியிலிருந்து அவர் ஓய்வு பெற்றதை நான் தினமும் அவருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் அவர் அதைப் புதிதாகக் கேட்டு வருத்தப்படுகிறார்.

சரி, ட்ரை பண்ணினேன். அந்தத் திட்டத்துக்கான அலுவலகத்துக்குப் போனால் அங்கிருந்த அம்மா, "பேஷண்ட் நேர்ல வரணும்" என்றாள். "அவரால வர முடியாதுன்னுதானேம்மா மனு கொடுக்கிறேன்" என்றேன். "வர முடியலங்கறத நாங்க பாக்கணும்ல" என்றாள். லிப்ட் இல்லாத கட்டடத்தில் மாடியில் உட்கார்ந்துகொண்டு, ஏற முடியாதவர்கள் எல்லாரும் ஏறி வந்து ஏற முடியாததைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். கேம்ப் ரோடு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற எத்திராஜ் அண்ணன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தாங்கி அப்பாவை மேலே கொண்டுபோனோம். மேலே போனதும் அப்பா அங்கே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேர் கையையும் உதறிவிட்டு, "இதென்ன சந்தையா? உயரப்படி வரிசையா நில்லுங்க. யாரும் பேசக் கூடாது" என்று ஒரு குரல் கொடுத்தார். நின்றுவிட்டார்கள் ஜேசன். வக்கீல் மாதிரி இருந்த ஒருவர்கூட முன்னால் இருந்த உயரமான ஆளைப் பார்த்துத் தன் இடத்தை மாற்றிக்கொண்டார். அந்த அம்மா எழுந்து நின்று பார்த்துவிட்டு, "இவருக்கா மறதி? எங்க ஆபீஸ்ல கியூவ இதுவரைக்கும் ஒருத்தரும் நேராக்கினதில்லயே" என்றாள். எத்திராஜ் அண்ணன்தான், "எம்மா, அவரு இஸ்கூல்ல கீறதா நென்ச்சினு கீறாரு. அதுதாம்மா வியாதியே" என்று எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதை நம்பினாள். நான் சொன்னபோது ஏன் நம்பவில்லை என்று தெரியவில்லை.

பிறகு, பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு யாரும் இல்லையா என்று கேட்டாள். நான் பொய் சொல்லி வளர்ந்தவள் இல்லை. தம்பி இருக்கிறான், கேளம்பாக்கத்தில் இருக்கிறான், வண்டலூர் வழியாக வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்றேன். அதுதான் தப்பாகிவிட்டது. "அப்ப தம்பி நேர்ல வந்து, என்னால பாத்துக்க முடியாதுன்னு சொல்லணும்" என்றாள். உனக்கு போன் செய்தேன். "ரிலீஸ் இருக்குக்கா, இந்த மாசம் சுத்தமா முடியாது" என்றாய். யோசித்துப் பார், ஜேசன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டுப் போக வரச் சொன்னேன். அதற்கும் உன்னால் வர முடியவில்லை. கடைசியில் உன்னை ஸ்பீக்கரில் போட்டு அந்த அம்மாவிடம் நீட்டினேன். உன் பின்னால் கேட்ட இரைச்சலிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "விடுங்கம்மா, இவர் இல்லாத மாதிரியே எழுதிக்கறேன்" என்றாள். அந்த அலுவலகத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அடுத்தது பயிற்சி வகுப்பு. ஓய்வு கிடைப்பதற்கு முன்னால், ஓய்வை எப்படி எடுத்துக்கொள்வது என்று பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு நாள் முழுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில். நோயாளியை அழைத்து வரக் கூடாது, நோயாளியைத் தனியாகவும் விடக் கூடாது என்று இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நான் எத்திராஜ் அண்ணன் ஆட்டோவில் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால், வீட்டில் நோயாளி இருக்கிற முக்கால்வாசிப் பேரால் வர முடியவில்லை. வந்திருந்தவர்கள் பெரும்பாலும் மண்டபத்துக்கு அக்கம்பக்கத்துக்காரர்கள், சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைப் பிடித்த தம்பி நன்றாகத்தான் பேசினான். "எல்லாரும் கண்ண மூடுங்க. நீங்க ஒரு மலை உச்சியில இருக்கீங்க. சில்லுனு காத்து வருது" என்றான். நான் கண்ணை மூடினேன். திறந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு எழுப்ப வந்தவர்களையெல்லாம் வாயில் விரல் வைத்துத் துரத்திவிட்டாராம்.

வகுப்பைக் கவனிக்கவில்லை என்று எனக்கு வருகை போட மறுத்துவிட்டார்கள். "ஓய்வு எடுக்கத்தானே தம்பி சொல்லிக் கொடுத்தீங்க" என்றேன். "சொல்லித்தாம்மா கொடுத்தோம். எடுக்கச் சொல்லலையே" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மலை உச்சியிலிருந்து அவனைத் தள்ளியிருப்பேன். வெளியே காத்திருந்த எத்திராஜ் அண்ணன் உள்ளே வந்து, "இன்னா சார், அந்தம்மா தூங்கி எம்மா நாளாச்சு தெர்யுமா உனுக்கு? நீ பேசுனதுல ஒரே ஒரு ஆளு தூங்கிக்கீது. அதுக்கு நீ சந்தோசப்படணும். பேஜார் பண்ணாத போட்டுக் குடு" என்று சத்தம் போட்ட பிறகுதான் போட்டுக் கொடுத்தார்கள்.

கடைசியாக வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. போன வெள்ளிக்கிழமை. இங்கேதான், ஜேசன், உன் அக்கா முட்டாள்தனத்தின் சிகரத்தில் ஏறினாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பாஸ்டர் வீடு சந்திக்க வருகிறார் என்றால் அம்மா என்ன செய்வாள்? வீட்டைத் தலைகீழாகத் துடைத்து, படுக்கையில் இருக்கிறவர் யாரானாலும் குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டு, பவுடர் பூசி, வேதப்புத்தகத்தை மடியில் வைத்து உட்காரவைத்துவிடுவாள். அதையேதான் நானும் செய்தேன். எனக்கு வேறு தெரியாது. ஆபீசர் வருகிறார் என்றதும் கை தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. கழிப்பறை நாற்காலியின் மேல் பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போட்டு மூடினேன். மாத்திரைகளை அலமாரிக்குள் தள்ளினேன். ரப்பர் ஷீட்டை உருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். வீடு முழுக்க ஊதுவத்தி தவிர எல்லா வாசனையும் தெளித்தேன். அப்பாவுக்கு மழமழவென்று சவரம் செய்து, அந்த வெள்ளைச் சட்டையையும் கோட்டையும் மாட்டி உட்காரவைத்தேன். கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் மாதிரி இருந்தார். எனக்குத் தலை சீவ நேரம் கிடைக்கவில்லை. நைட்டிக்கு மேல் ஒரு துண்டு, அதுவும் அப்பாவைத் துவட்டிய துண்டு, ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் அவருடைய செருப்பு. அப்படியே போய்க் கதவைத் திறந்தேன்.

வந்தவன் ஹேமநாத் என்று ஒரு சின்னப் பையன், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். அப்பா அவனைப் பார்த்து, "கமின், யங் மேன். எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று ஆரம்பித்தார். அவன் பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிற சத்தம் எனக்குச் சமையலறை வரை கேட்டது. நான் அங்கே டீ போட்டு, கேக் வெட்டி, தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பரிசோதிக்க வந்தவனுக்குக் கேக். நம் ஜனத்தை என்ன சொல்வது. பிறகு வாய்ப்பாடு நின்று, அவன் ஏதோ கேட்பதும் அப்பா குரலைத் தாழ்த்திப் பதில் சொல்வதும் காதில் விழுந்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். பேச்சு என்னைப் பற்றி. "என் பொண்ணு. கெட்ட பொண்ணு இல்ல தம்பி. வேளைக்குச் சாப்பிட மாட்டா. தனியாப் பேசிக்குவா. பாத்ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுவா, கூப்பிட்டா வர மாட்டா. தூங்கவே மாட்டேங்கறா." பையன், "எவ்ளோ நாளா சார் இப்படி?" என்று கேட்டான். "அவங்க அம்மா இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தா" என்றார் அப்பா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? சுடச்சுட டீயோடு வெளியே வந்து, "யாரப் பத்தி யாரு பேசுறது? நான் ஏன் தூங்கலன்னு கேளுங்க சார், கேளுங்க" என்று கத்தினேன். கத்தியதில் பாதி டீ தட்டில் கொட்டியது, மீதி கேக்கில் கொட்டியது, நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அந்தப் பையன் எழுந்து, தட்டை வாங்கி வைத்து, குழந்தையிடம் பேசுகிற குரலில், "ஒண்ணும் இல்லம்மா. உக்காருங்க. நாங்க எல்லாம் இருக்கோம்ல" என்றான். போகும்போது வாசலில் நின்று அப்பாவின் கையைப் பிடித்து, "உங்க பொறுமை ரொம்பப் பெரிசு சார்" என்றான். அப்பாவின் பொறுமையாம். சட்டை பொத்தானைப் போட்டுவிட நான் ஒருத்தி வேண்டும், பொறுமை மட்டும் அவருடையது. மனு அந்த நிமிஷமே செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வருகிறது, ஜேசன். மேடையில் ஏறுகிற ஒவ்வொருவரும் நம் குடும்பங்களைப் புகழ்கிறார்கள், நம் ஊரில் பிள்ளைகள் பெற்றவர்களைக் கைவிடுவதில்லை என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்யாணமாகாத மகள், புருஷனை இழந்த மருமகள், வேலையை விட்டுவிட்டு வந்த மூத்தவள், அவ்வளவு பேர்தான். எங்களைப் புகழ்வது சுலபம், ஓர் இல்லத்தைத் திறந்து அங்கே நாலு பேரை வேலைக்கு வைப்பதுதான் கஷ்டம். திறந்துவிட்டாலும், வாசலில் ஏணி வைத்து, ஏணியில் எண்ணெய் தடவி, ஏறி வா என்கிறார்கள். நான் என்ன கேட்டுவிட்டேன்? எனக்குத் தூக்கம் வேண்டும். வயதான மனுஷி, தூங்க வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறிக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் தூங்கிவிட்டாய் என்று குற்றம் சொல்கிறார்கள். இந்த அரசாங்கம் இனி ஒரு தலையணை கொடுத்தாலும் நான் வாங்கப்போவதில்லை. அவர்களுடைய வண்டி என் வாசலில் வந்து நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன். நீ வந்து அப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். ரிலீஸ், மீட்டிங், மெர்வினுக்குப் பரீட்சை, ஜென்சிக்குத் தைராய்டு, எதையும் கேட்கமாட்டேன். வராவிட்டால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேண்டுதல் நேரத்தில் எழுந்து நின்று, "நடமாட முடியாமல் சுகவீனமாக இருக்கிற என் தம்பி ஜேசனுக்காகச் சபையார் ஜெபித்துக்கொள்ளுங்கள், தகப்பனாரைப் பார்க்க வரமுடியாத அளவுக்கு வியாதி" என்று சொல்லப்போகிறேன். சபை முழுக்க உன்னை விசாரிக்கக் கேளம்பாக்கத்துக்குக் கிளம்பி வரும். எல்லாருக்கும் ஜென்சிதான் டீ போட வேண்டும்.

உன் வேலையையும் வீட்டுக்கடனையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக. ஜென்சிக்கு என் அன்பு. மெர்வினுக்கு அத்தையின் முத்தங்கள், அவனிடம் அத்தை யார் என்று ஞாபகப்படுத்தவும்.

இப்படிக்கு,
உன் கோபம் தீராத அக்கா,
தபீதாள்

பின்குறிப்பு, வியாழக்கிழமை காலை: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் வண்டி வந்துவிட்டது. நிஜமாகவே வந்து வாசலில் நிற்கிறது, வெள்ளை வண்டி. நிஷா என்று ஒரு நர்ஸ் பெண் இறங்கி வந்து, "தபீதாள் அம்மா ரெடியா?" என்றாள். நான் அப்பாவின் பையைக் காட்டி, "இதோ, அவர் ரெடி" என்றேன். "அவர் வர வேண்டாம்மா. ரெஸ்ட்டே அவருக்குத்தானே. நீங்க வாங்க" என்றாள். ஹேமநாத் எழுதிக்கொடுத்தது இப்போதுதான் தெரிகிறது. பார்த்துக்கொள்கிறவர் அப்பாவாம், பார்த்துக்கொள்ளப்படுகிறவள் நானாம். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், அவரைப் பாத்துக்கறதே நான்தான்" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என் தோளில் கை போட்டு, "எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க" என்றாள். தனிக் கட்டில் உண்டா என்று கேட்டேன். உண்டாம். காலையில் யாராவது எழுப்புவார்களா என்று கேட்டேன். விருப்பம் இருக்கும்போது எழுந்தால் போதுமாம். ஜேசன், அரசாங்கம் செய்த தப்பை இந்த ஒரு முறை திருத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மேலே அரசாங்கத்தைத் திட்டியதையெல்லாம் அடித்துவிடு. உன்னைத் திட்டியது அப்படியே இருக்கட்டும்.

அப்பாவை உன் வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம், இடம் மாறினால் பயப்படுவார். நீ இங்கே வந்து பத்து நாள் இரு. எத்திராஜ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ ஆட்டோவில் ஏறாமல் அவர் உங்கள் கம்பெனி வாசலிலிருந்து நகரமாட்டார், சத்தமும் போடுவார். அதுவரை அப்பாவோடு அங்காளம்மா உட்கார்ந்திருக்கிறாள், கோவளத்திலிருந்து நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். "உன் தம்பி வர்ற வரிக்கும் நான் பாத்துக்கினு இருக்கேன். ஆனா மீன் கெட்டுப் பூட்சின்னா அவன்தான் அத்தினியும் துன்னணும், சொல்லிக்கினே" என்றாள்.

அப்பா கேட் வரைக்கும் வந்தார். நிஷாவைக் கூப்பிட்டு, "பிள்ளைய எழுப்பாதீங்க. அவ தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றார். பாதி நாள் நான் யார் என்றே அவருக்குத் தெரியாது. நான் தூங்கவில்லை என்பது தெரிந்திருக்கிறது. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் தெரியவில்லை. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கதவைச் சாத்தப்போகிறார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பு, வெயில் ஏறுகிறது, மீன் தாங்காது.